அடுத்த தோட்டத்திற்குப் போகும் வழி

உழைத்து வாழும் மனிதனுக்கு உள்ள உரிமைகளுள் தலையாயது எது என்று கேட்டால், நல்ல கூலி என்பார் ஒருவர். ஓய்வு நாள் என்பார் மற்றொருவர். சங்கம் சேரும் உரிமை என்பார் இன்னொருவர். இவை யாவும் வேண்டுவனவே. ஆயினும் இவற்றுக்கெல்லாம் அடித்தளமாக ஓர் உரிமை உண்டு. ‘இந்த இடம் எனக்கு வேண்டா’ என்று சொல்லிவிட்டு அடுத்த இடத்திற்கு நடந்து போகும் உரிமையே அது. போக முடியாதவனுக்குக் கூலி உயர்வு கேட்கும் வாய் இல்லை. போக முடிந்தவனிடம் முதலாளியே முகம் கொடுத்துப் பேசுவான்.

இந்த உரிமையை விலங்கு பூட்டித்தான் பறிக்க வேண்டும் என்பதில்லை. ஒரு தாளில் நான்கு வரி எழுதியும் பறிக்கலாம். இன்று அலுவலகங்களிலும் கடைகளிலும் வேலைக்குச் சேர்வோர் கையெழுத்திடும் உடன்படிக்கைகள் பலவற்றில் அத்தகைய வரிகள் இரண்டு காணப்படுகின்றன. வேலையை விட்டபின் இத்தனை ஆண்டுகளுக்கு எம் வாடிக்கையாளரை அணுகக் கூடாது என்பது ஒன்று. உடன் பணிபுரிந்தோரைப் புதிய இடத்திற்கு அழைக்கக் கூடாது என்பது மற்றொன்று. ஏதோ நகரத்து வழக்கறிஞர்கள் அண்மையில் கண்டுபிடித்த புதுமை என்று இவற்றை நினைப்போர் உளர். நெகிரி செம்பிலான் தோட்டங்களின் வரலாற்றை அறிந்தவர்க்கோ இவை புதியன அல்ல. நம் பாட்டன்மார் இந்த வரிகளைப் படித்ததில்லை. ஆனால் இவற்றின் உள்ளே வாழ்ந்தார்கள்.

1905ஆம் ஆண்டிற்குப் பின் ரப்பர் விலை ஏறத் தொடங்கி, 1910இல் உச்சத்தைத் தொட்டது. ரந்தாவ், லாபு, சிலியாவ், போர்ட்டிக்சன், தம்பின், பகாவ் என்று காடு அழிந்த இடமெல்லாம் பால்மரம் எழுந்தது. மரம் நட நிலம் இருந்தது, முதலீடு இலண்டனிலிருந்து வந்தது, ஆள்தான் போதவில்லை. கடல் கடந்து ஆள் கொண்டுவரப் பணம் செலவாயிற்று. ஊரில் கொடுக்கும் முன்பணம், நாகப்பட்டினத்து முகாமின் செலவு, கப்பற்கட்டணம் எனத் தலைக்கு இவ்வளவு என்று ஒரு தோட்டம் செலவிட்டு ஆளை இறக்கும். இறங்கிய ஆளுக்குப் பக்கத்துத் தோட்டம் சில காசு கூட்டிக் கொடுப்பதாகச் சொல்லி இழுத்துக்கொள்ளும். செலவு ஒருவருடையது, பயன் மற்றொருவருடையது. இதனை ஆங்கிலத் தோட்டக்காரர்கள் ‘கிரிம்பிங்’ என்றனர். நம்மவர் சொல்லில் அது ‘ஆள் இழுப்பு’.

ஆள் இழுப்பின் நடுவில் நின்றவர் கங்காணி. தம் ஊரிலிருந்தும் உறவிலிருந்தும் ஆள் திரட்டி வந்தவர் அவர். பிரட்டில் வந்து நின்ற ஒவ்வோர் ஆளுக்கும் நாட்கணக்கில் அவருக்குத் ‘தலைக்காசு’ உண்டு. ஆட்கள் தோட்டத்தின் ஆட்களா, கங்காணியின் ஆட்களா என்ற கேள்விக்கு எவரும் தெளிவாக விடை சொன்னதில்லை. துரைக்கும் கங்காணிக்கும் மனம் முறிந்தால், கங்காணி மட்டும் போவதில்லை. அவர் பின்னால் ஒரு லயமே போகும். இன்றைய உடன்படிக்கையின் ‘உடன் பணிபுரிந்தோரை அழைக்காதே’ என்ற வரி யாரை மனத்தில் கொண்டு எழுதப்பட்டதோ, அவருடைய மூதாதை இந்தக் கங்காணியே.

என் பாட்டனார் ரந்தாவ் வட்டாரத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து அப்படிப் பெயர்ந்தவர்களுள் ஒருவர். பாட்டி அதைச் சொல்லும்போது தூரத்தைப் பற்றிப் பேசியதே இல்லை. ‘நடந்தது அரை நாள்தான், கடையைக் கடந்ததுதான் பெரிது’ என்பார். தோட்டத்துக் கடையில் அரிசிக்கும் பருப்பிற்கும் துணிக்கும் பற்று எழுதியிருந்தது. அந்தப் பற்றைத் தீர்க்க முடிந்த குடும்பங்கள் கங்காணியோடு புறப்பட்டன. தீர்க்க முடியாதவை மனத்தை மட்டும் அனுப்பிவிட்டு லயத்திலேயே தங்கின. இங்கே உழைப்பாளியே வாடிக்கையாளனும் ஆனான் என்பதை மாணவர்கள் கருத்தில் கொள்ள வேண்டும். கை தோட்டத்திற்குக் கட்டுப்பட்டிருந்தது. வயிறு கடைக்குக் கட்டுப்பட்டிருந்தது. இரண்டையும் ஒரே கயிறு கட்டியது. ஆளை அழைக்காதே, வாடிக்கையாளரை அழைக்காதே என்னும் இன்றைய இரு தடைகளும் அன்று ஓர் உடலின் மீதே விழுந்திருந்தன.

ஆள் இழுப்பை நிறுத்த முதலாளிமார் பல வழிகளை நாடினர். ஓடிப்போன ஆளைத் தண்டிக்கும் பிரிவுகள் சட்டத்தில் இருந்தன. ஒருவர் ஆளை மற்றவர் எடுப்பதில்லை என்ற உடன்பாடுகளும் தமக்குள் பேசப்பட்டன. எனினும் விலை ஏறும் காலத்தில் எந்த உடன்பாடு நிற்கும்? இறுதியில் 1907இல் வேறொரு வழி பிறந்தது. அதுவே தமிழர் குடியேற்ற நிதி. இதன்படி தென்னிந்தியத் தொழிலாளரை வேலைக்கு வைத்திருக்கும் முதலாளிகள் அனைவரும், தம்மிடம் ஆட்கள் வேலை செய்த நாட்களின் கணக்குப்படி வரி கட்ட வேண்டும். அந்தப் பணத்திலிருந்து ஆள் கொண்டுவரும் செலவு கொடுக்கப்படும். ஆளை இழுத்தவனும் செலவில் பங்கு கொடுத்தே ஆக வேண்டும். ஆளை இழந்தவனுக்கு முழு இழப்பும் இல்லை. வந்து இறங்கும் ஆளும் கப்பற்கடன் இல்லாதவனாக இறங்கினான்.

இந்த நிதியைப் பற்றிப் படித்தபோது எனக்கு வியப்பே மேலிட்டது. முதலாளிக்கு இருந்த உண்மையான குறை என்ன? ஆள் போனது அன்று. செலவு வீணானதே குறை. செலவைப் பலரும் பகிர்ந்துகொள்ள ஒரு வழி கண்டதும், ஆளின் காலைக் கட்டவேண்டிய தேவை பெரிதும் தளர்ந்தது. மனிதனைக் கட்டாமலே வழக்கைத் தீர்க்கலாம் என்பதற்கு நம் தோட்டங்களே சான்று தந்துவிட்டன.

இதனால் அந்த நிதியை அருட்கொடை என்று போற்ற வேண்டியதில்லை. அதை நடத்திய குழு முதலாளிமாரின் நலனை மறந்ததில்லை. ஆள் தொடர்ந்து வந்து இறங்கியதால் கூலி உயரவில்லை என்பதும் உண்மை. நிதி வந்தபின்னும் ஒப்பந்தக் கூலிமுறை 1910 வரை நீடித்தது. வேலையை விட்டவனைச் சிறைக்கு அனுப்பும் பிரிவுகள் முற்றும் நீங்க 1920களின் தொடக்கம் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. 1938இல் இந்திய அரசு மலாயாவிற்கு உதவிக் கட்டணத்தில் ஆள் அனுப்புவதை நிறுத்தியது. விடுதலைக்குப் பின் தென்னிந்தியத் தொழிலாளர் நிதி என்ற பெயரோடு தொடர்ந்த அந்த நிதி, 1999இல் கலைக்கப்பட்டது.

நம்மைப் போலவே கங்காணிமார் வழியாக ஆள் திரட்டிய இலங்கை மலைநாட்டில் இந்தச் சிக்கல் வேறு உருவம் கொண்டது. அங்கே ‘துண்டு’ என்று ஒரு சீட்டு இருந்தது. இத்தனை ரூபாய்க் கடனைத் தீர்த்தால் இந்த ஆட்களை விடுவிப்பேன் என்று ஒரு தோட்டத்துத் துரை எழுதிக் கொடுக்கும் தாள் அது. துண்டை எடுத்துக்கொண்டு கங்காணி அடுத்த தோட்டத்திற்குப் போவார்; அந்தத் துரை கடனைக் கட்டி ஆட்களை ஏற்பார். கடனோ குறையாது, தோட்டம் மாறமாறக் கூடிக்கொண்டே போகும். போகும் உரிமை இருந்தது. ஆனால் அதற்கு ஒரு விலைச்சீட்டு ஒட்டப்பட்டிருந்தது. 1921இல் சட்டம் இயற்றித்தான் துண்டு முறையை ஒழித்தார்கள்.

இனி, சட்டப் புத்தகத்தின் பக்கம் வருவோம். வியப்பு என்னவெனில், இத்தனை கட்டுகளும் நிலவிய காலத்திலேயே, மனிதனின் பிழைப்பைத் தடுக்கும் ஒப்பந்தம் செல்லாது என்று கூறும் சட்டமும் இருந்தது. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தில் அது 27ஆம் பிரிவு. அமெரிக்காவில் டேவிட் டட்லி ஃபீல்டு என்பார் நியூயார்க் மாநிலத்திற்கென வரைந்த சட்ட வரைவிலிருந்து அப்பிரிவு எடுக்கப்பட்டது. அதே வரைவிலிருந்து அதே 1872இல் கலிஃபோர்னியா மாநிலமும் தன் விதியை அமைத்துக்கொண்டது. இந்தியச் சட்டத்தின் சாயல் மலாய்க் கூட்டு மாநிலங்களுக்கு 1899ஐ ஒட்டி வந்தது; நெகிரி செம்பிலானும் அவற்றுள் ஒன்று. பின்னர் 1950ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டத்தில் அது 28ஆம் பிரிவாக இடம் பெற்றது. சட்டத்திற்கு உட்பட்ட தொழில், வாணிகம், பிழைப்பு ஆகியவற்றினின்று ஒருவரைத் தடுக்கும் உடன்படிக்கை, தடுக்கும் அளவிற்குச் செல்லாது என்பதே அதன் கருத்து. வாணிகத்தை அதன் நற்பெயரோடு விற்றவர், கூட்டு வாணிகத்தில் உள்ளவர் ஆகியோர்க்கே விலக்கு உண்டு.

அப்படியாயின் நம் பாட்டன்மாரை இந்தப் பிரிவு ஏன் காக்கவில்லை? இதற்கு விடை கூற அசாமின் தேயிலைத் தோட்டம் ஒன்றிற்குச் செல்ல வேண்டும். பிரம்மபுத்திரா தேயிலைக் கம்பெனி தன்னிடம் பணிபுரிந்த ஸ்கார்த் என்ற துரை மீது வழக்குத் தொடுத்தது. வேலையை விட்டபின் ஐந்து ஆண்டுகளுக்கு, நாற்பது மைல் சுற்றளவிற்குள் தேயிலைத் தொழிலில் ஈடுபடுவதில்லை என்று அவர் உறுதி கொடுத்திருந்தார். 1885இல் கல்கத்தா உயர்நீதிமன்றம், 27ஆம் பிரிவின்படி அத்தகைய தடை செல்லாது என்றது. நல்ல தீர்ப்பே. ஆனால் அதே அசாமில், 1882ஆம் ஆண்டின் குடியேற்றச் சட்டப்படி, அந்தத் துரையின் கீழ் உழைத்த கூலியாளை ஐந்து ஆண்டுகளுக்கு ஒப்பந்தத்தால் கட்டலாம். ஓடினால் தோட்டத்தாரே பிடிக்கலாம். ஒரே தோட்டம், ஏறத்தாழ ஒரே காலம், அதே ஐந்து ஆண்டு. துரைக்குக் கதவு திறந்தது, கூலிக்கு மூடிக்கிடந்தது. பொதுச் சட்டம் ஒன்றிருக்க, ஏழைக்கெனத் தனிச்சட்டம் ஒன்று குறுக்கே நின்றது. சட்டம் இருந்ததா என்று கேட்பது போதாது. அது யாருடைய வீட்டு வாயில் வரை வந்தது என்றும் கேட்க வேண்டும்.

நம் நாட்டில் அந்த வாயில் மெல்ல மெல்லத் திறந்தது. 1955ஆம் ஆண்டின் வேலைவாய்ப்புச் சட்டம், முன்னறிவிப்புக் கொடுத்துவிட்டு விலகும் உரிமையை இரு தரப்புக்கும் ஒன்றாக வைத்தது. உடன்படிக்கையில் கால அளவு சொல்லப்படாவிட்டால், இரண்டு ஆண்டிற்குக் குறைவாகப் பணி செய்தவர்க்கு நான்கு வாரம். ஐந்து ஆண்டிற்குக் குறைந்தவர்க்கு ஆறு வாரம். அதற்கு மேற்பட்டவர்க்கு எட்டு வாரம். அதே சட்டத்தின் 26ஆம் பிரிவு, கூலியை எங்கே, எவ்வாறு, யாரிடம் செலவிட வேண்டும் என்று முதலாளி நிபந்தனை இடுவதைத் தடுக்கிறது. முன்பணத்திற்கு வட்டி பிடிக்கக் கூடாது என்கிறது அடுத்த பிரிவு. இந்த இரண்டையும் படிக்கும்போதெல்லாம் எனக்குத் தோட்டத்துக் கடையும் அதன் பற்றுப் புத்தகமும் கண்முன் வரும். பாட்டி கடக்க அஞ்சிய வாசலைச் சட்டம் இரண்டு வரிகளில் அகலமாக்கிவிட்டது.

இவை பழங்கதை என்று மூடிவைக்கலாமா? தோட்டங்கள் துண்டாடப்பட்டுவிட்டன, ரப்பர் இருந்த இடத்தில் செம்பனையும், செம்பனை இருந்த இடத்தில் வீடமைப்பும் வந்துவிட்டன. தோட்டத்துப் பிள்ளைகள் செனாவாங், நீலாய்த் தொழிற்சாலைகளிலும், சிரம்பான் மருந்தகங்களிலும், அழகு நிலையங்களிலும், காப்புறுதி அலுவலகங்களிலும் வேலை செய்கிறார்கள். என்னிடம் தமிழ் படித்த பெண்ணொருத்தி, சில ஆண்டுகளுக்கு முன் தன் வேலைக் கடிதத்தைக் கொண்டுவந்து காட்டினாள். சிறியதோர் அழகு நிலையத்தில் கூந்தல் திருத்தும் வேலை அவளுக்கு. விலகினால் இரண்டு ஆண்டுகளுக்கு எந்த வாடிக்கையாளருக்கும் சேவை செய்யக் கூடாது. எந்தப் பணிப்பெண்ணையும் புதிய கடைக்கு அழைக்கக் கூடாது. மீறினால் பெருந்தொகை கட்ட வேண்டும் என்று எழுதியிருந்தது. ‘ஐயா, என் அக்காவும் அங்கேதான் வேலை செய்கிறாள். நான் போனால் அவளிடம் பேசக்கூடக் கூடாதா?’ என்று கேட்டாள். அந்தக் கேள்வியில் நகைப்பதற்கு ஒன்றும் இல்லை. அவள் ஓராண்டாக அதே இடத்தில், அதே சம்பளத்தில், அந்தத் தாளுக்கு அஞ்சியே இருந்தாள்.

28ஆம் பிரிவை அவளுக்கு எடுத்துச் சொன்னேன். 1964இல் ரிகிள்ஸ்வொர்த் எதிர் வில்சன் அந்தோணி என்ற வழக்கில், வேலையை விட்டபின் இரண்டு ஆண்டுகளுக்குக் கோத்தா பாருவிலிருந்து ஐந்து மைலுக்குள் தொழில் செய்வதில்லை என்று ஒரு வழக்கறிஞர் கொடுத்த உறுதியே செல்லாது என்று தீர்ப்பாயிற்று. படித்த வழக்கறிஞரையே கட்டாத வரி, கூந்தல் திருத்தும் பெண்ணின் பிழைப்பைக் கட்டிவிடுமா? எனினும் தொழிலாளர் அலுவலகத்திலோ சட்ட உதவி மன்றத்திலோ கேட்டுத் தெளிந்தபின் முடிவு செய் என்றும் சொன்னேன். ஆசிரியன் வழக்கறிஞன் அல்லன். ஆனால் வழக்கறிஞரிடம் எதைக் கேட்பது என்று சொல்லிக் கொடுக்கலாம்.

நடுவுநிலை தவறாமல் முதலாளியின் பக்கத்தையும் பார்க்க வேண்டும். நம்மவர் பலர் இன்று சிறு முதலாளிகள். ஒருவர் கடன் வாங்கி நிலையம் திறக்கிறார், பெண்களுக்குத் தொழில் கற்பிக்கிறார், வாடிக்கையாளரைத் திரட்டுகிறார். கற்றவர் மூவர், ஒரே நாளில், வாடிக்கையாளரின் தொலைபேசி எண்களையும் எடுத்துக்கொண்டு எதிர்க்கடைக்குப் போனால் அவர் வயிறு எரியாதா? எரியும். அதற்கும் வழி உண்டு. வேலையில் இருக்கும்போதே முதலாளிக்கு எதிராக வாணிகம் செய்வதைச் சட்டம் ஏற்பதில்லை. வாடிக்கையாளர் பட்டியல் போன்ற இரகசியங்களைத் திருடுவதையும் ஏற்பதில்லை. பயிற்சிக்கு உண்மையில் செலவான தொகையை, பணி செய்த காலத்தைக் கழித்துக்கொண்டு, திருப்பிக் கேட்கும் ஏற்பாடும் உண்டு. இவையெல்லாம் 1907ஆம் ஆண்டு நிதியின் தத்துவத்தைச் சேர்ந்தவை. இழந்த பொருளுக்கு ஈடு கேட்கின்றன. இழக்காத மனிதனைச் சிறைப்பிடிப்பதில்லை. பட்டியல் முதலாளியின் சொத்தாகலாம். வாடிக்கையாளர் யாருக்கும் சொத்தல்லர். தொழில் கற்ற கையோ கற்றவளுடையது.

பிற நாடுகளிலும் இந்தச் சிந்தனை வலுப்பெற்று வருகிறது. அமெரிக்காவில் இது பெரும்பாலும் மாநிலச் சட்டத்தின் ஆட்சிக்கு உட்பட்டது. நாடு முழுமைக்கும் ஒரு விதியாகப் போட்டித் தடை உடன்படிக்கைகளை ஒழிக்க 2024இல் கூட்டரசு வணிக ஆணையம் முயன்றது. அவ்வாண்டே நீதிமன்றம் அதனைத் தள்ளுபடி செய்தது. 2025இல் ஆணையமே மேல்முறையீட்டைக் கைவிட்டது. மாநிலங்களோ ஒவ்வொன்றும் ஒரு வழியில் செல்கின்றன. இல்லினாய் மாநிலம், ஆண்டிற்கு 45,000 டாலருக்கு மேல் வருவாய் இல்லாதவரிடம், வாடிக்கையாளரையோ உடன் பணிபுரிந்தோரையோ அழைப்பதில்லை என்ற உறுதியை வாங்கவே கூடாது என்று 2022 முதல் விதித்தது. மின்னசோட்டா மாநிலம் 2023இல் போட்டித் தடையை ஒழித்தது. அழைக்கக் கூடாது என்னும் உறுதியை மட்டும் விட்டுவைத்தது.

இவற்றுள் என் மனத்தைத் தொட்டது கலிஃபோர்னியாவின் மாற்றம். அங்கே இத்தகைய வரிகள் 1872 முதலே செல்லாதவை. ஆயினும் முதலாளிகள் அவற்றை எழுதிக்கொண்டேயிருந்தார்கள், தொழிலாளர் அஞ்சிக்கொண்டேயிருந்தார்கள். ஆகவே 2024 தொடக்கத்தில் நடைமுறைக்கு வந்த சட்டம், ஒப்பந்தங்களில் செல்லாத தடையை எழுதிவைத்திருந்த முதலாளிகள், ‘நீ கையெழுத்திட்ட அந்த வரி செல்லாது’ என்று தம் தொழிலாளர் ஒவ்வொருவருக்கும் 2024 பிப்ரவரி 14ஆம் நாளுக்குள் தனித்தனியே எழுதி அறிவிக்க வேண்டும் என்றது. 2022இன் தொடக்கத்திற்குப் பின் வேலையில் இருந்து விலகியவர்க்கும் அந்த அறிவிப்புப் போக வேண்டும். நூற்றைம்பது ஆண்டுகளுக்குப் பின் அவர்கள் கண்டறிந்த உண்மை இதுதான்: செல்லாத வரியும் அச்சுறுத்தும். நீதிமன்றத்தில் உயிரற்றுக் கிடக்கும் சொல், சமையலறை மேசையில் உயிரோடு நடமாடும். படிக்கத் தெரியாதவனைக் கட்டுவதற்குச் சட்டம் வேண்டியதில்லை, காகிதமே போதும்.

நம் ஒப்பந்தச் சட்டத்தில் அப்படியோர் அறிவிப்புக் கடமை இல்லை. அந்தக் கடமையை வேறு யார் ஏற்பது? மொழியைக் கற்பிக்கும் நாமே ஏற்கலாம் என்பது என் கருத்து. கடிதம் எழுதுவது எப்படி என்று கற்பிக்கிறோம். நமக்கு வரும் கடிதத்தை வாசிப்பது எப்படி என்றும் கற்பிக்க வேண்டும். ‘உடன்படிக்கை’, ‘முன்னறிவிப்பு’, ‘ஈடு’, ‘செல்லாமை’ ஆகிய சொற்களை இலக்கணப் பயிற்சிக்கு மட்டும் வைத்துக்கொண்டால் போதாது. பதினேழு வயதில் பள்ளியை விட்டு வெளியேறும் மாணவன், முதல் வேலைக் கடிதத்தைக் கையில் வாங்கும்போது, எந்த வரி தன் கடமையைச் சொல்கிறது, எந்த வரி தன் காலைக் கட்டுகிறது என்று பிரித்தறிய வேண்டும். அந்த அறிவும் தமிழறிவே.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். நம் மக்கள் விட்டுவந்த லயங்கள் வெறுமையாகிவிடவில்லை. பகாவ் பக்கத்திலும் ஜெராம் பாடாங் பக்கத்திலும் செம்பனைக் குலை அறுப்பவர்களுள் இந்தோனேசியரும் வங்காளதேசத்தவரும் இருக்கிறார்கள். அவர்களுடைய பெர்மிட் ஒரு முதலாளியின் பெயரோடு கட்டப்பட்டது. அடுத்த தோட்டம் கூலி கூட்டிக் கொடுத்தாலும் தாமாக நடந்து போக முடியாது. போனால் சட்டத்திற்குப் புறம்பானவர் ஆகிவிடுவர். பலர் ஊரில் பட்ட கடனோடு வந்தவர்கள். பிறர் கடப்பிதழைப் பறித்து வைத்துக்கொள்வதைக் கடப்பிதழ்ச் சட்டம் தடை செய்கிறது. 2023 சனவரி முதல், கட்டாய உழைப்பு வாங்கும் முதலாளிக்கு ஓர் இலட்சம் வெள்ளி வரை தண்டமோ, இரண்டாண்டு வரை சிறையோ, இரண்டுமோ விதிக்க வேலைவாய்ப்புச் சட்டம் இடம் தருகிறது. இவை நல்ல மாற்றங்கள். ஆனால் போகும் உரிமை இன்னும் அவர்களை வந்தடையவில்லை. அசாமில் துரைக்கும் கூலிக்கும் நடுவே நின்ற தனிச்சட்டத்தின் நிழல், நம் கண்ணெதிரில், வேறொரு நாட்டார் மீது விழுந்து கிடக்கிறது. அதைக் காணும் கண் நமக்கு இல்லையென்றால், பாட்டன்மாரின் துன்பத்தை நாம் கதையாகக் கேட்டோமே அன்றிப் பாடமாகக் கற்கவில்லை என்றே பொருள்.

உழைப்பை வாங்குபவன் உழைப்பை மட்டுமே வாங்குகிறான், உழைப்பவனை அன்று. இந்தச் சிறிய உண்மையைச் சட்டம் ஏற்க ஒரு நூற்றாண்டு ஆயிற்று. அது எல்லாருடைய கைக்கும் போய்ச் சேர இன்னும் எத்தனை ஆண்டு ஆகுமோ? ஆள் தங்க வேண்டுமென்று விரும்பும் முதலாளிக்கு வழி உண்டு: தங்கத் தகுந்த கூலியும், மதிக்கும் நாவும், நேரிய கணக்கும். அவை இருக்குமிடத்தில் தடை வரிக்கு வேலை இல்லை. அவை இல்லாத இடத்தில் எத்தனை வரி எழுதினாலும், மனம் முன்னே போய்விடும். கால் பின்னே போகும்.